தலைமடையில் தாகம்

நீர்ப்பங்கீட்டைப் பற்றி நம் முன்னோர் பேசியபோதெல்லாம் கடைமடைக்காரனின் துயரத்தையே பேசினர். தலைமடையில் வயல் வைத்திருப்பவன் தன் பாத்தியை நிரப்பிக்கொண்ட பின்னரே வாய்க்காலைத் திறந்துவிடுவான். கடைமடையில் இருப்பவனோ வானத்தையும் வரப்பையும் மாறி மாறிப் பார்த்து நிற்பான். இந்த வழக்கைத் தீர்ப்பதற்கென்றே வன்னியிலும் மட்டக்களப்பிலும் வட்டவிதானை என்றொரு பதவியை நம்மவர் ஏற்படுத்தினர். நீர் வழக்கு என்றால் கடைமடையின் வழக்கே என்பது நம் மனத்திலும் ஊறிப்போன எண்ணம்.

அந்த எண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது சில நாட்களுக்கு முன் நாம் மேற்கொண்ட ஒரு பயணம். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஆகிய ஊர்களின் வழியாகப் பஸ் வளைந்து வளைந்து ஏறி மடுல்கெல்லையை அடைகின்றது. இருமருங்கும் தேயிலை. எதிரே, முகில் விலகும்போதெல்லாம், நக்கிள்ஸ் மலைத்தொடர் தலைகாட்டுகின்றது. மடக்கிய கையின் விரல் மொழிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சிங்கள மக்கள் தும்பர மலை என்பர். ஓடாத ஓடை இல்லை, கசியாத பாறை இல்லை என்று சொல்லத்தக்க நிலம். தண்ணீர்ப் பஞ்சம் என்ற சொல்லுக்கு இங்கே இடமேது என்று எண்ணியவாறே இறங்கினோம்.

நாம் சென்ற தோட்டத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. மலைநாட்டில் அதைப் போன்றவை பல உள. லயத்தின் கோடியிலே ஒரு குழாய். அதற்கு மேலே மலையிலுள்ள ஓடையிலிருந்து கறுத்த இறப்பர்க் குழாய் ஒன்று கல்லிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு வந்து அதில் முடிகின்றது. குழாயின் முன்னே ஏழெட்டுக் கலன்கள் வரிசையில் இருந்தன; அவற்றை வைத்துவிட்டுப் போனவர்கள் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். வரிசைக்குக் காவலாக ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

“தண்ணீர் எப்போது வரும் அம்மா?” என்று கேட்டோம்.

“மழை பேஞ்சா கலங்கலா வருமுங்க. வெயில் காஞ்சா நின்னுபோகும். நடுவுல கொஞ்ச நாள் நல்லாத்தான் வரும்” என்றார். சற்று நேரம் கழித்துத் தாமாகவே, “கீழே அணைக்கட்டுல கரண்டு எடுக்குறாங்களே ஐயா, அந்தத் தண்ணி எங்க லயத்துக்குப் பின்னாலதான் போகுது. போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்றார்.

குறை சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை என்பதைப் போலச் சொன்னார். ஆயினும் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கீழே இறங்கும் வரையில் நம்மால் மறக்க முடியவில்லை. இங்கே தாகம் கொண்டிருப்பது தலைமடை. இவ்வாரம் அதைக் குறித்தே எழுதுகின்றோம்.

நீர் போகும் வழி

மூதாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. நக்கிள்ஸின் மேற்குச் சரிவுகளில் விழும் மழை ஓடைகளாகத் திரண்டு ஹுலு கங்கையாகின்றது. ஹுலு கங்கை மகாவலியின் கிளை நதி. அதன் நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்திற்குச் செல்கின்றது. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. அதன் மின்நிலையம் 210 மெகாவாற்று மின்சாரத்தைப் பிறப்பிக்க வல்லது. அங்கிருந்து நீர் ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து, மீண்டும் மீண்டும் மின்சாரமாகி, பின்னர் மினிப்பே அணைக்கட்டின் வழியாக வயல்களுக்குப் பாய்கின்றது.

மலையின் மறுபுறத்து மழை வேறு வழியே போகின்றது. களு கங்கையும் அம்பன் கங்கையும் அதனை ஏந்திக்கொண்டு வடக்கும் கிழக்கும் செல்கின்றன. 2017இல் நீர் நிரப்பப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும், 2018இல் நிரப்பப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கமும் இந்த நீரைச் சேர்த்து வைத்து உலர்வலயத்துக் குளங்களுக்கு அனுப்புகின்றன. கொழும்பில் மாணவன் ஒருவன் விளக்கைப் போட்டுப் படிக்கும்போதும், பொலன்னறுவையில் விவசாயி ஒருவர் நாற்று நடும்போதும், அவர்கள் அறியாமலே இந்த மலையோடு உறவு கொள்கின்றனர்.

இவ்வளவு பெரிய நன்மையைச் செய்யும் மலையை நாடு பேணாமலிருக்க முடியுமா? முடியாது. ஆதலால் பணம் வருகின்றது. மரம் நடுவதற்கு, மண்ணரிப்பைத் தடுப்பதற்கு, ஊற்றுக்களைக் காப்பதற்கு என்று உள்நாட்டுப் பணமும் வெளிநாட்டுப் பணமும் வருகின்றன. அந்தப் பணம் யாரிடம் செல்கின்றது என்பதே நம் கேள்வி.

மண் எப்படிக் கரைந்தது?

அதற்கு முன், மலைக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிருக்காகக் கண்டி மலைகளின் காடு ஏக்கர் ஏக்கராக வெட்டி எரிக்கப்பட்டது. அன்று வரையில் காட்டைத் தம் பொதுச் சொத்தாகப் பாவித்து வந்த கண்டிய கிராமத்தவர், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் அதனை இழந்தனர். வெட்டிய நிலத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் கால்நடையாக வந்தனர். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மாண்டு அதனிடத்தில் தேயிலை வந்தது. காடு முழுவதும் அழிந்தால் மழையும் நதியும் என்னாகும் என்ற அச்சம் அன்றைய ஆட்சியாளருக்கே உண்டாயிற்று. 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று ஒதுக்கினர். நக்கிள்ஸின் உச்சியில் இன்று காடு எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காடு செய்யும் வேலை எளியது, ஆனால் விலைமதிப்பற்றது. மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காமல் இலையிலும் சருகிலும் தங்கி இறங்குகின்றது. சருகு மூடிய மண் அதை மெல்லக் குடிக்கின்றது. குடித்ததை ஊற்றாக மாதக்கணக்கிற் கசியவிடுகின்றது. மூடியற்ற சரிவிலோ பெய்த மழை பெய்த வேகத்திலேயே ஓடுகின்றது. ஓடும்போது மண்ணையும் கொண்டு ஓடுகின்றது. “மழை பேஞ்சா கலங்கல், வெயில் காஞ்சா இல்லை” என்று மூதாட்டி சொன்னாரே, பெரிய நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தேயிலையை முற்றாகப் பழிப்பதும் நியாயமன்று. செடி நெருங்கி வளர்ந்து தரையை மூடியிருக்குமானால், கான் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்குமானால், தேயிலை மண்ணைப் பற்றிக்கொள்ளும். செடி செத்து இடைவெளி விழுந்த பழைய மலைகளும், கைவிடப்பட்டு மானாப் புல் மண்டிய சரிவுகளுமே மண்ணை இழக்கின்றன. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியவர் யார்? கல் அடுக்கி மண்ணைத் தாங்கியவர் யார்? நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளரே. நீரேந்து நிலப் பாதுகாப்பு என்று இன்று பெரும் பெயரிட்டு அழைக்கும் தொழிலை, அப்பெயரை அறியாமலே, நாட்சம்பளத்துக்குச் செய்து வந்தவர்கள் அவர்கள்.

மூன்று வாசல்கள்

1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1979இல் மகாவலி அதிகாரசபை அமைந்தது. அணைகள் எழுந்த பின்னர், மேலிருந்து இறங்கும் சேறு நீர்த்தேக்கங்களின் வயிற்றை நிரப்பிவிடும் என்ற கவலை பிறந்தது. மேல் மகாவலி நீரேந்து நிலத்தைச் சீர்திருத்தும் திட்டங்கள் வெளிநாட்டுத் துணையோடு நடைபெற்றன. வெறுமையான சரிவுகளில் பைனஸ் மரங்கள் பரவலாக நடப்பட்டதும் அக்காலத்திலேதான். தூரத்திலிருந்து பார்க்க அவை பசுமையாகத் தோன்றின. அவற்றின் கீழே வேறெதுவும் வளர்வதில்லை, ஊற்றும் வற்றுகின்றது என்று அயலில் வாழ்ந்த மக்கள் முறையிட்டனர். நடுவதற்கு முன்னரே அந்த ஊற்றிற் குடிப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது நக்கிள்ஸும் அதன் ஓர் அங்கமாயிற்று. 2020 மார்ச் மாதத்தில், பசுமைக் காலநிலை நிதியம் என்னும் சர்வதேச நிதியம், நக்கிள்ஸ் நீரேந்து நிலத்திற்கென ஏறத்தாழ 4 கோடி அமெரிக்க டொலர் நன்கொடையை அனுமதித்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இத்திட்டத்தை முன்வைத்தது. இலங்கை அரசும் தன் பங்கைச் சேர்த்தது. இத்திட்டத்தின் நீண்ட பெயரிலே சிறுவிவசாயிகளுடன் பெருந்தோட்டச் சமூகத்தாரும் சேர்த்துக் குறிப்பிடப்பட்டுள்ளனர் என்பதை நாம் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். மலைக்கு உதவும் ஒரு திட்டத்தின் தலைப்பிலேயே மலையகத் தொழிலாளருக்கு இடம் கிடைப்பது சிறிய காரியமன்று.

ஆயினும், பெயரில் இடம் கிடைப்பது ஒன்று. பணத்தில் இடம் கிடைப்பது வேறொன்று. இத்தகைய திட்டங்கள் எந்த நாட்டில் நடந்தாலும், பணம் மக்களைச் சென்றடைய மூன்று வாசல்களைக் கடக்கவேண்டியிருக்கின்றது.

முதல் வாசல் காணி. மிளகுக் கன்றும் கராம்புக் கன்றும் வீட்டுத் தோட்டத்திற்குக் கொடுக்கப்படுகின்றன. வீட்டுத் தோட்டம் உள்ளவன் பெறுகின்றான். கல்வரம்பு கட்ட உதவி கிடைக்கின்றது. வரம்பு கட்டச் சொந்த நிலமுள்ளவன் பெறுகின்றான். லயத்து அறையில் வாழ்பவரிடம் வாசற்படிக்கு வெளியே சொந்தம் என்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லை. அவர் கீரை போட்டிருக்கும் துண்டு நிலமும் தோட்டத்துக்குரியதே.

இரண்டாம் வாசல் சங்கம். பணம் தனி மனிதருக்கன்று, பதிவு பெற்ற சங்கத்துக்கே வழங்கப்படும் என்பது பொதுவான நியதி. கிராமத்திலே விவசாயிகள் சங்கமும் மரண உதவிச் சங்கமும் தலைமுறைகளாக உள்ளன. தோட்டத்திலே தொழிற்சங்கம் உண்டு. ஆனால் ஓடைக்கும் ஊற்றுக்கும் பொறுப்பான ஒரு சங்கம் எத்தனை தோட்டங்களில் உண்டு?

மூன்றாம் வாசல் நேரம். கலந்துரையாடல் என்று ஒரு நாளில், காலை பத்து மணிக்கு, பிரதேச செயலகத்திற்கு அழைக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரம் மலையிலே கொழுந்து எடுக்கும் நேரம். கூட்டத்துக்குப் போனால் அன்றைய பேர் விழாது, மிஞ்சினால் அரைப்பேர். ஒரு நாட் கூலியைக் கொடுத்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்ல வரவேண்டியவர் அவர் ஒருவரே. அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மற்றையோரிற் பலர் அங்கே இருப்பதற்காகச் சம்பளம் பெறுபவர்கள்.

இம்மூன்று வாசல்களிலும் எவரும் வேண்டுமென்று நின்று தொழிலாளரைத் தடுப்பதில்லை. தடுப்பது விதி. விதியை எழுதியவர் காணியும் சங்கமும் நேரமும் உள்ள மனிதரையே மனத்திற் கொண்டு எழுதினார். மற்றவர் அவருடைய நினைவில் வரவில்லை. அநியாயம் பல வேளைகளில் பகைமையினாலன்றி மறதியினாலேயே நிகழ்கின்றது.

கணக்கில் வராத வீடு

இந்த மறதிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1948இல் மலையக மக்களிற் பெரும்பான்மையோர் குடியுரிமை இழந்தனர். அது முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டு வரை சட்டங்கள் பல தேவைப்பட்டன. 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றிற் பெரும்பாலானவை கம்பனிகளின் நிர்வாகத்திற்குச் சென்றன. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களுக்காகச் சபையின் பணத்தைச் செலவிட வழி திறக்கவில்லை. தோட்டத் தமிழர் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தனர். ஆனால் அந்த உறுப்பினர் அவர்களுடைய லயத்துக்குப் பாதை போட முடியாதிருந்தார். 2018ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துத் தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் காலம் அது.

உறுதி இல்லாத வீட்டின் துயரம் மழைக்காலத்திலே மிகக் கொடியதாகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாடு மறந்திருக்கமாட்டாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் மலைநாட்டுச் சரிவுகள் பல இடங்களில் இடிந்து வீழ்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், கண்டி மாவட்டம் பேரிழப்புற்ற மாவட்டங்களுள் ஒன்று. சரிவைப் பேணுதல் என்பது அணையின் ஆயுளைக் காப்பதற்கு மட்டுமன்று, அச்சரிவிலே உறங்குபவரின் உயிரைக் காப்பதற்கும் ஆகும். வேறிடத்தில் வீடமைத்துக்கொள்ளக் காணியுள்ளவன் ஆபத்தைக் கண்டதும் பெயரலாம். காணியற்றவன் எங்கே பெயர்வான்?

பிற நாட்டார் கற்ற பாடம்

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலே சண்டிகார் நகரத்தில் சுக்னா என்றோர் அழகிய ஏரி உண்டு. 1958இல் அமைக்கப்பட்ட அவ்வேரி, பதினைந்து ஆண்டுகள் கடப்பதற்குள் பெருமளவு சேற்றால் நிரம்பிவிட்டது. சேறு எங்கிருந்து வந்தது என்று தேடிச் சென்றனர். மேலே சிவாலிக் குன்றுகளில் சுகோமாஜ்ரி என்ற ஏழைக் கிராமம். ஆடு மாடுகள் மேய்ந்து குன்றுகள் மொட்டையாகியிருந்தன. பி. ஆர். மிஸ்ரா என்ற மண் பாதுகாப்பு விஞ்ஞானி அங்கே சென்று பணியாற்றினார். மேயவிடாதீர் என்று சொன்னதால் மட்டும் பயன் விளையவில்லை. கிராமத்துக்கென்றே ஒரு சிற்றணை கட்டப்பட்டது. அப்போதும், அணையின் அருகே வயல் வைத்திருந்த சிலரே பயன் பெற்றனர். ஏனையோர் முன்போலவே ஆட்டை மலைக்கு ஓட்டினர்.

அதன் பின்னர் பிறந்த முடிவுதான் போற்றுதற்குரியது. அணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு என்று ஏற்பாடு செய்யப்பட்டது. வயல் உள்ளவனுக்கும் பங்கு, வயலே இல்லாதவனுக்கும் அதே பங்கு. வயலில்லாதவன் தன் பங்கை வேறொருவனுக்குக் கொடுத்துப் பயன் பெறலாம். குன்றைக் காப்பதில் எல்லோருக்கும் இலாபம் உண்டானவுடன் காவலரே தேவைப்படவில்லை. புல் வளர்ந்தது, மரம் வளர்ந்தது, ஏரிக்கு வரும் சேறும் வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் அங்கும் சிக்கல்கள் எழாமலில்லை. ஆயினும் காணியற்றவனுக்குப் பங்கு கொடுத்த பிறகே குன்று பிழைத்தது என்ற உண்மை அதனால் மாறிவிடாது.

மத்திய அமெரிக்காவின் கொஸ்தா ரிக்கா நாடு 1996இல் ஒரு காட்டுச் சட்டம் செய்தது. காட்டைக் காப்பவருக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. உலகமே புகழ்ந்த ஏற்பாடு அது. ஆனால் காணி உறுதி உள்ளவர்க்கே பணம் என்ற விதியினால், உறுதியற்ற ஏழைக் குடியானவர் பலர் வெளியே நின்றனர். குறை தெரிந்தபோது அந்நாட்டார் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நிலத்தை நெடுங்காலம் அனுபவித்து வருபவருக்கும் இடமளிக்கும்படி பிற்காலத்தில் அதைத் தளர்த்தினர். நியூ யோர்க் மாநகரமோ 1997இல் தனக்கு நீர் தரும் கட்ஸ்கில் மலையூர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பல நூறு கோடி டொலர் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதை விட, மலையூர்களின் கழிவுநீரையும் பண்ணைகளையும் சீர்செய்ய உதவுவது மலிவு என்று அந்நகரம் கணக்கிட்டது. மேலே வாழ்பவன் நலமாயிருந்தால் கீழே வரும் நீர் நலமாயிருக்கும் என்பது கருணை மட்டுமன்று. நல்ல கணக்கும் ஆகும்.

மறுதரப்பார் சொல்வது

மறுதரப்பார் கூற்றையும் கேட்பது நம் வழக்கம். குத்தகைக்கு எடுத்த நிலத்தின் மண்ணுக்கு நாங்கள் பொறுப்பு; கான் வெட்டுகின்றோம், மரம் நடுகின்றோம்; இடையிலே மூன்றாமவரிடம் பணம் கொடுத்தால் கணக்கு யார் சொல்வது என்று தோட்ட நிர்வாகம் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அது சங்கத்துக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, சங்கமே கூடாதென்பதற்குக் காரணமாகாது.

இளைஞர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போகின்றார்களே, மலையைப் பேணுதற்கு யார் இருப்பார்கள் என்று வேறு சிலர் கேட்பர். ஊற்றைக் காப்பதும் நாற்றுமேடை வைப்பதும் சம்பளமுள்ள, மதிப்புள்ள தொழிலாக லயத்துக்கு அருகிலேயே கிடைத்தால், போகின்றவர்களிற் சிலராவது நிற்கமாட்டார்களா?

இதைத் தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான வழக்காக எவரும் கொள்ளலாகாது. கோப்பிக்காகக் காட்டை இழந்த கண்டியக் கிராமத்தவரின் பேரப்பிள்ளைகளும், விக்டோரியா நீர் உயர்ந்தபோது வயலையும் பழைய தெல்தெனியா நகரையும் இழந்தவர்களும், காட்டைக் காப்பதற்காக ஏலக்காய்ப் பயிரைக் கைவிடும்படி சொல்லப்பட்டவர்களும் இதே மலையைச் சுற்றியே வாழ்கின்றனர். மலைக்காக விலை கொடுத்தவர்கள் அவர்களும் ஆவர். கிராமத்துக்குக் கொடுப்பதைப் பிடுங்கி லயத்துக்குக் கொடு என்று நாம் கேட்கவில்லை. ஒரே ஓடையின் மேற்புறத்தில் லயமும் கீழ்ப்புறத்தில் கிராமமும் இருக்கின்றன. மேலே கலங்கினால் கீழே தெளியாது.

வேண்டுவன

பெரிய சட்டங்களுக்குக் காத்திராமலே செய்யக்கூடியவை சில உண்டு. நீரேந்து நிலத்துக்கென வரும் பணத்தைப் பங்கிடும்போது, காணி உறுதியை அளவாகக் கொள்ளாமல் அந்நிலத்தில் வாழும் குடும்பத்தை அளவாகக் கொள்ளலாம். தோட்டந்தோறும் ஊற்றுக்குப் பொறுப்பான ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய உதவலாம். அதில் பெண்களுக்குப் பாதி இடம் இருக்கட்டும், குடம் சுமப்பவர் அவர்களல்லவா? கூட்டத்தை வேலை முடிந்த பின்னரோ ஞாயிற்றுக்கிழமையிலோ, லயத்துக்கு அருகிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் நடத்தலாம். எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை எல்லோரும் வாசிக்கும்படி இரு மொழிகளிலும் எழுதி ஒட்டலாம். சீர்திருத்தத்தின் முதற் செலவாக, அந்த மலையில் வாழ்பவருக்கே சுத்தமான குடிநீரைக் கொடுக்கலாம். தன் குடத்தில் தெளிந்த நீர் விழக் காண்பவன், அந்நீர் வரும் காட்டில் கோடரி விழச் சம்மதியான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் ஓடும் ஓடை எங்கே பிறக்கின்றது, எங்கே போய்ச் சேர்கின்றது என்பதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அது கடந்து செல்லும் ஒவ்வோர் இடத்திலும் யார் வாழ்கின்றார், அந்நீரால் அவர் என்ன பெறுகின்றார் என்று எழுதுங்கள். பெரியவர்களிடம், அந்த ஓடையில் முன்பு எவ்வளவு நீர் ஓடியது என்று கேளுங்கள். ஒரு தோட்டப் பாடசாலையின் பத்துப் பிள்ளைகள் இதைச் செய்துவிட்டால், ஒரு திட்டத்தின் அதிகாரி தம் மேசையிலிருந்து அறிய முடியாத பலவற்றை அவர்கள் அறிந்திருப்பார்கள். நாளைக்கு அவ்வூரின் சங்கத்துக்குச் செயலாளராக வரக்கூடியவரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவரே.

நாம் பஸ் ஏறும் வேளையில் மாலையாகிவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழாயில் மெல்லிய நூலாக நீர் விழத் தொடங்கியிருந்தது. மூதாட்டி முதற் கலனைக் குழாயின் கீழே நகர்த்திவைத்தார். அது அவருடையதன்று, வரிசையில் முதலாவதாக வைத்திருந்த வேறொருத்தியினுடையது. தம்முடையது ஐந்தாவது என்றார். யாரும் பார்க்காதபோதும் வரிசை மாற்றாமல் நீரைப் பங்கிட அந்த மூதாட்டிக்குத் தெரிந்திருக்கின்றது. கோடிக்கணக்கிற் பணத்தைப் பங்கிடுகின்றவர்கள் ஒரு மாலைப்பொழுது அந்தக் குழாயடியில் வந்து நிற்பார்களாயின், அவர்களும் கற்றுக்கொள்வதற்கு ஏதேனும் இருக்கும்.